உணவுநெறி, பரிந்துரையளவு: இரண்டையும் பிரிக்க வேண்டும்

> 'டயட்டரி கைட்லைன்ஸ்' என்பதற்கு 'உணவுப் பரிந்துரைகள்' போதுமே, புதுச்சொல் எதற்கு?

போதாது ஐயா. ஒரு சுகாதாரக் கையேட்டைத் தமிழாக்கும்போது என் முதல் வரைவில் "பரிந்துரைகளின் அடிப்படையில் பரிந்துரைகள் வகுக்கப்படுகின்றன" என்று ஒரு வரி வந்து நின்றது. மூலத்தில் அவை இரண்டு வெவ்வேறு விஷயங்கள், என் தமிழில் ஒன்றாகிவிட்டன. அன்றிலிருந்து இது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

ஒன்று ஆர்.டி.ஏ., அதாவது 'ரெகமெண்டட் டயட்டரி அலவன்ஸ்'. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1941-ல், அமெரிக்காவில் முதலில் வரையப்பட்டது. ஒரு சத்து நாளொன்றுக்கு எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. இன்றைய முறையில் முதலில் சராசரித் தேவையைக் கண்டுபிடிக்கிறார்கள், அந்த அளவு ஆரோக்கியமானவர்களில் பாதிப் பேருக்குத்தான் போதும் என்பதால் அதைக் கொஞ்சம் உயர்த்தி, 97 அல்லது 98 சதவீதம் பேருக்குப் போதும்படி நிர்ணயிக்கிறார்கள். ஆகவே 'தேவையளவு' என்று இங்கே ஒருவர் சொன்னது சரிப்படாது, பெரும்பாலோரின் தேவையைவிட இது கூடுதல். 'சத்தளவு' என்றால் பொட்டலத்தின் மேல் அச்சிடும் அளவு என்று நினைத்துவிடுவார்கள். இதற்குப் 'பரிந்துரையளவு' இருக்கட்டும்.

மற்றொன்றுதான் நாம் பேசுவது, 'டயட்டரி கைட்லைன்ஸ்': எப்படி உண்டால் நல்லது என்று ஒரு நாடு தன் மக்களுக்குச் சொல்வது. மக்களுக்கு மில்லிகிராமைச் சொல்லிப் பயனில்லை, உணவைச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் வலுத்து, 1992-ல் ரோமில் நடந்த ஊட்டச்சத்து மாநாட்டுக்குப் பிறகு, 1995-ல் சைப்ரஸில் உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் கூடி, ஒரு நாடு தன் மக்களுக்கு இதை எப்படி வகுத்துக்கொள்வது என்று விவாதித்தன. உப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 'சோடியம் 2 கிராமுக்குள்' என்றால் அடுப்படியில் நிற்பவருக்கு என்ன புரியும்? 'உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக' என்றால் கை தானாகவே அளந்துகொள்ளும். பிரேசில் 2014-ல் வெளியிட்டது இன்னும் ஒரு படி மேலே போய், நிதானமாகச் சாப்பிடுங்கள், முடிந்தவரை மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிடுங்கள் என்கிறது. இதை எந்த அளவில் அடக்குவது?

அதனால் என் முன்மொழிவு உணவுநெறி.

> 'உணவு வழிகாட்டி' எளிமையாக இருக்கிறதே?

எளிமைதான். ஆனால் எந்த ஊரில் எங்கே சாப்பிடலாம் என்று சொல்லும் புத்தகமும் உணவு வழிகாட்டிதான். 'உணவுக் கட்டுப்பாடு' வேண்டவே வேண்டாம், அதைக் கேட்டதும் நோயாளி என்ற நினைப்புதான் வரும். இதுவோ நன்றாக இருப்பவர்கள் நன்றாகவே இருக்கச் சொல்வது.

> 'நெறி' என்றால் ஒழுக்கம் போதிப்பது போலத் தொனிக்கிறது.

இந்தத் தயக்கம் எனக்கும் இருந்தது. ஆனால் நெறி என்பதன் அடிப்படைப் பொருளே வழி. அதோடு, இப்படி உண்டால் நல்லது என்று ஒரு நாடு தன் மக்களிடம் அக்கறையோடு சொல்வதில் கொஞ்சம் கனம் இருந்தால் தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். 'நெறிமுறை' என்று நீட்டாதீர்கள், கணினிக்காரர்கள் அதை வேறு பொருளில் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

அப்புறம், ஆங்கிலத்தில் 'டயட்டரி கைட்லைன்ஸ்' என்பதற்கு முன்னால் சேர்க்கும் 'ஃபுட் பேஸ்டு' (உணவை அடிப்படையாகக் கொண்ட) என்ற முன்னொட்டு. 'உணவுசார் உணவுநெறி' என்று யாரும் எழுத வேண்டியதில்லை, அந்தப் பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. சத்துக் கணக்குக்குத் தனிச்சொல் கொடுத்த பிறகு இங்கே குழப்பம் வராது.

வினைச்சொல்லை வைத்தும் சோதித்துப் பார்த்தேன். நெறியை வகுப்போம், அளவை நிர்ணயிப்போம், மாற்றிச் சொன்னால் காதுக்கு ஒட்டாது. என் பழைய வரியை இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்: "பரிந்துரையளவுகளை நிர்ணயித்த பின், அவற்றின் அடிப்படையில் உணவுநெறி வகுக்கப்படுகிறது." முன்பின் தெரியாத ஒருவரிடம் இதைப் படித்துக் காட்டி, புரிகிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள்.