மூடிய பள்ளிக்கூடத்தை ஊர்ச் சமுதாயக் கூடமாக்க வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. பென்னாகரம் பக்கம் எங்கள் ஊரில் இருந்த ஒன்றியத் தொடக்கப்பள்ளி, பிள்ளைகள் குறைந்துபோய் மூடப்பட்டுவிட்டது. இரண்டு ஓட்டு வகுப்பறையும் ஒரு சத்துணவுக் கூடமும் அப்படியே நிற்கின்றன. சுவர் நன்றாக இருக்கிறது, மேலே ஓட்டைத் தாங்கும் மரச்சட்டமான ரீப்பர்தான் கறையான் அரித்து ஒரு பக்கம் ஓடு சரிகிறது, இன்னொரு மழைக்குத் தாங்காது. மாசி, பங்குனியில் எங்கள் பெண்கள் நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்துதான் புளி தட்டுகிறார்கள், அவர்களுக்கு ஒரு நிழல், சாயங்காலம் பிள்ளைகள் படிக்க ஓர் அறை, குழுக் கூட்டத்துக்கு ஓர் இடம் என்று எல்லாமே அங்கே நடக்கலாம்.

அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் வைக்கப்போகிறோம். அப்புறம் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் (பி.டி.ஓ.) மனு கொடுத்தால் போதுமா, கல்வித் துறையின் தடையின்மைச் சான்றும் வேண்டுமா? கட்டட உறுதிச் சான்றுக்கு எந்தப் பொறியாளரைப் பார்க்க வேண்டும்? ஊரும் அரசும் செலவைப் பகிர்ந்துகொள்ளும் நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை ஊர் போட வேண்டும், அதை வசூலித்துவிடுவோம், ஆனால் பழைய கட்டடத்தைப் பழுதுபார்க்க அந்தத் திட்டப் பணம் கிடைக்குமா? தருமபுரி, கிருஷ்ணகிரியில் இப்படிச் செய்தவர்கள் இருந்தால் தீர்மான நகலைப் பகிருங்கள், வார்த்தை எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் ஊரில் எல்லோரும் குழம்பி நிற்கிறோம்.