மறுமொழி: சாய்தளத்தில் 'செங்குத்து விசை' சரியா?

அன்புள்ள குழுவினருக்கு,

வடசென்னை மாலை வகுப்புகளுக்கான பதினோராம் வகுப்பு இயற்பியல் பயிற்சிநூல் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. சாய்தளப் பாடம் மட்டும் ஒரு சொல்லுக்காக நிற்கிறது. ஒரு பொருளைத் தாங்கும் தளம் தனக்குச் செங்கோணத்தில் அதைத் திருப்பித் தள்ளும் விசைக்கு (ஆங்கிலத்தில் 'நார்மல் ஃபோர்ஸ்') பாடநூல் தரும் பெயர் 'செங்குத்து விசை'. அதை மாற்றலாமா என்பதுதான் நம் கேள்வி.

புதுவை ஐயா எழுதியிருந்தார்:

> பாடநூலில் உள்ள சொல் பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது. பழகியதை ஏன் கலைக்க வேண்டும்?

ஐயா, பழகியதால்தான் சிக்கல். செங்குத்து என்றதும் பிள்ளைகள் மனத்தில் வருவது பனைமரம் நிற்கும் நிலை, தரையிலிருந்து நேர் மேலே. பெட்டி சமதளத்தில் இருக்கும்வரை வம்பில்லை. பலகையை 30 பாகை சாய்த்துப் பாருங்கள். 5 கிலோ பெட்டி, புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்தால் எடை 50 நியூட்டன். அதைப் பகுத்தால் சரிவின் வழியே 25, பலகையை அழுத்தும் கூறு 43.3. பலகை திருப்பித் தள்ளுவதும் அந்த 43.3தான். விடைத்தாளிலோ அம்புக்குறி கூரையைப் பார்த்து நிற்கிறது, பக்கத்தில் 50 என்று எழுதியிருக்கிறது. சொல் சொன்னபடி வரைந்திருக்கிறார்கள்! பெட்டி சறுக்காமல் பிடித்து நிறுத்தும் உராய்வுக்கு அங்கே வேலையே இல்லை.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. பலகை தள்ளும் 43.3ஐயும் உராய்வின் 25ஐயும் வெக்டர் முறைப்படி கூட்டினால் நேர் மேல்நோக்கி 50 வரும். ஆக, பிள்ளை வரைந்தது பலகை தரும் மொத்த விசை. அதை இரண்டாகப் பகுக்கத்தான் இந்தப் பாடமே. மொத்தத்துக்கும் கூறுக்கும் ஒரே பெயர் பொருந்துவதுபோல் இருந்தால் பகுப்பது எதற்கு?

கொத்தனார்களிடம் இந்தக் குழப்பம் கிடையாது. சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டு. மூலை சரியா என்று பார்க்க மூலைமட்டம். இரண்டையும் சாய்ந்த பலகையருகே பிடித்து வகுப்பில் காட்டுகிறேன். குண்டின் நூல் எப்போதும் பூமியைக் காட்டுகிறது. மூலைமட்டத்தின் ஒரு கையைப் பலகைமேல் வைத்தால் மறுகை பலகையோடு சேர்ந்து சாய்கிறது. இரண்டுக்கும் நடுவில் விழும் கோணம் அதே 30 பாகை. பிள்ளைகள் அதைக் கண்ணால் பார்த்ததும் கொசைன் எங்கே, சைன் எங்கே என்ற கேள்வி பாதி அடங்கிவிடும்.

'நார்மல்' என்பதன் வேரான 'நார்மா'வுக்கு இலத்தீனில் தச்சரின் மூலைமட்டம் என்றே பொருள். எனவே 'நார்மல்' என்றால் இயல்பு என்று கொண்டு பெயர்த்த 'இயல்பு விசை' வேண்டவே வேண்டாம். கோவை நண்பரின் 'மட்டவிசை' எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மட்டம் என்றால் கிடைமட்டம் பார்க்கும் ரசமட்டமும் நினைவுக்கு வரும். அம்பு கிடையாகப் படுத்துவிடும்.

இலங்கைப் பாடநூல்கள் செங்குத்தை 'நிலைக்குத்து' என்றும் இந்த விசையைச் 'செவ்வன் மறுதாக்கம்' (தளத்துக்குச் செங்கோணத்தில் வரும் எதிர்விசை) என்றும் பிரித்துவைத்திருக்கின்றன. அது அயல் வழக்கு என்று மதுரை அம்மா சொல்வதை ஏற்க முடியவில்லை. செங்கோணம், செவ்வகம் இரண்டும் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். செவ்வகத்தை எப்படிச் சாய்த்தாலும் மூலை மாறாது. அதே செம்மைதான் செவ்வனிலும் இருக்கிறது. 'செப்பும் வினாவும் வழாஅல் ஓம்பல்' என்ற தொல்காப்பிய நூற்பாவுக்குச் சேனாவரையர் உரையைப் பாருங்கள். நேர்விடைக்குச் 'செவ்வன் இறை' என்று பெயர். 'உண்ணாயோ?' என்றால் 'வயிறு குத்திற்று' என்பதுபோலச் சுற்றி வரும் விடை 'இறை பயப்பது'. பெட்டியின் அழுத்தத்துக்குத் தளம் சொல்லும் நேர்விடை செவ்வன் இறை. உராய்வை இறை பயப்பதாகக் கொள்ளலாமா என்று இரண்டு இரவாக யோசிக்கிறேன். தனி இழையில் பேசுவோம்.

புதுச்சொல் பற்றிய அச்சத்துக்கு ஒன்று. சாய்தளத்தில் விசைகள் சமன்படுவதை, முக்கோணத்தின் மேல் குண்டுமாலை போட்டு விளக்கிய சிமோன் ஸ்டெவின் 1586இல் அதை டச்சு மொழியிலேயே எழுதினார். கணிதத்துக்கு அவர் புதிதாக ஆண்ட சொல்லின் வழிவந்த 'விஸ்குண்டே'தான் இன்றும் டச்சுக்காரர்களின் பள்ளிச்சொல்.

எழுதியவர்களில் பெரும்பாலோர் 'செவ்வன் விசை' பக்கம் வந்துவிட்டார்கள், சிலர் 'எப்படியோ முடியட்டும்' என்ற அளவில். புதுவை ஐயா நேற்றிரவும் மறுத்திருக்கிறார்: வினாத்தாளில் 'செங்குத்து விசை' என்றுதான் வரும், பிள்ளை திகைக்குமே என்று. நியாயமான கவலை. பாடத்தின் முதல் பக்கத்தில் இரண்டையும் தருகிறேன், படங்களில் செவ்வன் மட்டும். இதற்கும் அவர் இசையவில்லை.

விசையைக் கூறுகளாகப் பிரிப்பதற்குப் 'பகுத்தல்' இருக்க இலங்கையின் 'துணித்தல்' வேண்டுமா என்பது அப்படியே கிடக்கிறது. ஞாயிறு மாலைக்குள் யாராவது எழுதினால் பார்க்கிறேன்; இல்லாவிட்டால் பகுத்தல்தான்.