ஒண்டாச்சி: டச்சுப் பெயரா, தஞ்சாவூர்ப் பெயரா?

வேர்தேடி:
இலங்கையில் பிறந்த கனடிய எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சியின் (Ondaatje) குடும்பப்பெயரைத் தமிழ்ப்பெயர் என்று பலர் உரிமை கொண்டாடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. பெயரின் ஈற்றில் இருப்பது, ஒன்றைச் சிறியதாகக் காட்டும் ‘-tje’ என்ற டச்சு மொழியின் குறுமை விகுதி. அகரத்தில் முடியும் சொல்லோடு அவ்விகுதி சேரும்போது அகரத்தை இரட்டித்து எழுதுவது அம்மொழியின் வழக்கம். இப்பெயரும் அப்படியே எழுதப்படுகிறது.

நெடுங்கணக்கு:
விகுதியைக் கழித்தபின் எஞ்சும் ‘ஒண்டா’வுக்கு டச்சில் என்ன பொருள் என்பதையும் சொல்லிவிடுங்கள், நண்பரே. 1659இல் தஞ்சாவூரிலிருந்து கொழும்புக்கு வரவழைக்கப்பட்டு, டச்சு ஆளுநர் வான் டெர் மெய்டனின் மனைவிக்கு மருத்துவம் பார்த்த மைக்கேல் யூரி என்பவரே குலமுதல்வர் என்பது குடும்ப மரபு. ‘ச்சி’ என்று காதில் விழுந்ததை டச்சு எழுத்தர் தமக்குப் பழகிய விகுதியின் வடிவில் எழுதிக்கொண்டார் என்றால், நீங்கள் காட்டும் இரட்டை அகரத்துக்கும் விளக்கம் கிடைத்துவிடுகிறது. எழுத்துக்கூட்டல்தான் டச்சு, பெயர் அன்று.

கடலோடி:
குடும்ப மரபை அவ்வளவு எளிதில் சான்றாக்க முடியாது. எழுத்தாளரே தம் நினைவுநூலில் 1600ஆம் ஆண்டையும் ஆளுநரின் மகளையும் குறிப்பிடுகிறார். டச்சுக் கப்பல்தலைவர் ஸ்பில்பெர்கன் மட்டக்களப்புக் கரைக்கு வந்ததே 1602இல். கொழும்பு டச்சுக்காரர் கைக்கு வந்தது 1656இல். ஆண்டும் நோயாளியும் மாறிக்கொண்டே இருக்கும் கதையைவிட, ‘அலை’ என்று பொருள்படும் ‘ஒண்டா’ என்ற போர்த்துக்கீசியச் சொல் எனக்கு நம்பத்தக்கதாகத் தோன்றுகிறது.

நெடுங்கணக்கு:
1600 பிழைதான். ஆனால் 1659இல் வான் டெர் மெய்டன் ஆளுநராக இருந்தார் என்பதால் மற்ற வடிவம் வரலாற்றோடு பொருந்துகிறது. பெரேரா, சில்வா என்று போர்த்துக்கீசியப் பெயர்களை முழுமையாகவே ஏற்றுக்கொண்ட நாட்டில், ஒரு குடும்பம் மட்டும் போர்த்துக்கீசிய அலைக்கு டச்சு வாலை ஒட்டிக்கொண்டதா? (ஒண்ட வந்த பிடாரியை நினைத்துக்கொண்டு, ஒண்ட வந்தவர் ஒண்டாச்சி ஆனார் என்று பொருள் சொல்பவர்களையும் நான் நம்புவதில்லை.)

வேர்தேடி:
அப்படியானால் ஒண்டாச்சி குடும்பத்தினரைப் பறங்கியராக, அதாவது இலங்கையில் வாழும் ஐரோப்பியர் வழித்தோன்றல்களாக, எண்ணுவது எவ்வாறு? 1830இல் இலங்கைத் தலைமை நீதியரசர் ஒட்லி தந்த வரையறை தந்தைவழி ஐரோப்பிய மூதாதையைக் கேட்கிறதே.

நெடுங்கணக்கு:
அதன்படி தஞ்சாவூர் வைத்தியரின் ஆண்வழியினர் பறங்கியர் ஆகமாட்டார்கள். தென்னிந்தியாவிலிருந்து வந்து குடியேறிய வணிகச் சமூகமான கொழும்புச் செட்டிகளின் குடும்பப்பெயர்களுள் ஒண்டாச்சியும் எண்ணப்படுகிறது. நடைமுறையை மாற்றியது ஐரோப்பிய வழியினருடன் கொண்ட மணவுறவு. 1758இல் கொழும்பில் பிறந்து, 1780களில் நெதர்லாந்தின் ஊட்ரெக்ட் நகரில் மக்களாட்சி கோரிய ‘தேசாபிமானிகள்’ கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கி, 1818இல் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) இறந்த பீட்டர் க்விண்ட் ஒண்டாச்சியின் பெயர் நடுவே நிற்பது அவருடைய தாயின் குடும்பப்பெயர். 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டத்துக்குப் பின் பறங்கியர் பெருந்தொகையாக ஆஸ்திரேலியாவுக்குப் பெயர்ந்தனர். நம் எழுத்தாளர் அதற்கு முன்பே, 1954இல், இங்கிலாந்துக்கும் பின்னர் 1962இல் கனடாவுக்கும் சென்றுவிட்டார். இலங்கைக் குடிக்கணக்கு பறங்கியரையும், கொழும்புச் செட்டிகளை ‘இலங்கைச் செட்டிகள்’ என்ற பெயரிலும் தனித்தனி இனங்களாகப் பதிவதால், சில குடும்பங்களே தாங்கும் இந்தப் பெயரை எந்த ஒரு நிரலிலும் முழுமையாக அடக்கிவிட முடியாது.

கடலோடி:
போர்த்துக்கீசிய அலையைக் கைவிடுகிறேன், 1659ஐயும் ஏற்கிறேன். ஆனால் டச்சுக்கால நிலப்பதிவேடுகளான தோம்புகளிலோ திருச்சபை ஏடுகளிலோ அக்குடும்பத்தவர் ஒருவர் தமிழெழுத்தில் இட்ட கையொப்பத்தைக் காட்டும்வரை, அப்பெயரின் ஈறு தமிழில் ‘ஆச்சி’யா ‘ஆட்சி’யா என்ற வழக்கில் நான் எந்தப் பக்கமும் சேரமாட்டேன்.