மழைக்குப் பின் தென்கடலில் மேல்நீர் குளிர்ந்தும் கீழ்நீர் வெதுவெதுப்பாகவும் இருப்பது ஏன்?

கேள்வி – கீழக்கரை
எங்கள் குடும்பத்துக்குச் சங்கு குளிப்பது தலைமுறைத் தொழில். கார்த்திகையில் இரவெல்லாம் மழை கொட்டி ஓய்ந்து, காற்றும் அடங்கிய காலையில் தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், மூழ்கினால், மேலே ஒரு பாகம் (ஏறக்குறைய ஆறடி) வரை நீர் கலங்கலாகவும் சில்லென்றும் இருக்கிறது, கரிப்பும் குறைவு. அதற்குக் கீழே தெளிந்து வெதுவெதுப்பாகிறது. குளிர்ந்த நீர் கனமானது, அடியில் தங்கும் என்றுதானே பள்ளியில் படித்தோம்?

மறுமொழி – மண்டபம்
நீங்கள் படித்தது உப்பின் அளவு மாறாத நீருக்குப் பொருந்தும். கடல்நீரின் கனத்தை வெப்பமும் உப்பும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. மழைக்காலத்தில் நம் கடலில் உப்பின் கையே ஓங்கியிருக்கிறது. 28 டிகிரி வெப்பமுள்ள கடல்நீரில் கிலோவுக்கு 1 கிராம் உப்பு குறைந்தால், ஒரு கன மீட்டரின் எடை ஏறக்குறைய முக்கால் கிலோ குறையும். வெப்பத்தால் மட்டும் அவ்வளவு குறைய வேண்டுமானால் நீர் 2 டிகிரிக்கும் மேல் சூடேற வேண்டும். ஆகவே சற்றே குளிர்ந்திருந்தாலும் உப்பு குறைந்த நீர் மேலேயே மிதக்கும்.

இதற்கு உள்ளூர் மழை மட்டும் காரணமன்று. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி ஆகியவை கொட்டும் நன்னீர், வங்கக் கடலின் வடபகுதியில் உப்பைக் கிலோவுக்கு 30 கிராமுக்கும் கீழே இறக்கிவிடுகிறது; உலகக் கடல்களின் சராசரி ஏறக்குறைய 35. வாடைக்காலத்தில் கரையோர நீரோட்டம் தெற்கே திரும்பி, அந்த நீரை ஆந்திர, சோழமண்டலக் கரைகளை ஒட்டி இலங்கை வரை கொண்டுவருகிறது.

மறுமொழி – வாலிநோக்கம்
உப்பளத்தில் இது கண்முன்னே நடக்கும் காரியம், தம்பி. பாத்தியில் முற்றிய உப்புநீர் நிற்கும்போது மழை பெய்தால், காற்று கிளம்பாதவரை மழைநீர் மேலேயே நிற்கும். பக்குவமாகத் திறந்துவிட்டால் அதை மட்டும் வடித்துவிடலாம். வெயில் ஏறியபின் காலை வைத்தால், மேல்நீர் ஆறியிருக்க, அடிநீர் நன்றாகச் சுடும். கனம் மிகுந்த அடிநீர் சூடானாலும் மேலே வர முடிவதில்லை.

கீழக்கரை
நன்றி ஐயா. வடகடலில் இந்த வேறுபாட்டை நான் உணர்ந்ததில்லையே?

மண்டபம்
பாக் விரிகுடா பெரும்பாலும் 15 மீட்டருக்கும் குறைந்த ஆழமுடையது. வாடைக்காற்று அதை அடிவரை கலக்கிவிடுகிறது.

ஆழ்கடலில்தான் இதன் விளைவு பெரிது. உப்பு குறைந்த மெல்லிய மேலடுக்குக்கும், வெப்பம் சட்டென்று குறையத் தொடங்கும் ஆழத்துக்கும் இடையே, வெதுவெதுப்பான ஆனால் உப்பு மிகுந்த ஓர் அடுக்கு நிற்கிறது. அதைத் தடுப்படுக்கு என்கிறார்கள். புயல் கடலைக் கிளறிக் குளிர்நீரை மேலே கொண்டுவந்தால் புயலின் வலு தணியும். தடுப்படுக்கு உள்ள இடத்திலோ கிளறப்பட்டு வருவதும் வெதுவெதுப்பான நீரே. எனவே கார்த்திகைப் புயல்களைக் கணிக்க மேற்பரப்பு வெப்பம் மட்டும் போதாது என்பது என் உறுதியான கருத்து.

ஆர்கோ மிதவைகள் எனும் தானியங்கி அளவுக்கருவிகள் 2000 மீட்டர் வரை இறங்கி வெப்பம், உப்பு இரண்டையும் அளக்கின்றன. ஆனால் அவை ஆழ்கடலுக்கானவை, நம் கரையோரத்துக்கு உதவா. நீங்கள் மூழ்கும்போது மேல்நீரில் ஒரு புட்டியும் மூன்று பாக ஆழத்தில் ஒரு புட்டியும் நிரப்பி, இறுக மூடி, நாளையும் ஆழத்தையும் எழுதிவையுங்கள். உப்பைப் பிறகு அளந்துகொள்ளலாம். வெப்பத்தை மட்டும் வள்ளத்தில் ஏறியவுடனே பார்த்துவிட வேண்டும்.