எடை குறைந்த கரும்பொருள்: சோதிக்க முடிந்த கொள்கையா?

கதிரொளி:
கண்ணுக்குத் தெரியாம ஈர்ப்பால மட்டும் தன்னைக் காட்டற கரும்பொருளைப் பிடிக்க, எல்இசட்ங்கற நிலத்தடிச் சோதனையில 7 டன் திரவ செனானை வச்சுக் காத்திருக்காங்க. விம்ப்னு சொல்ற கனமான கரும்பொருள் துகள் ஒண்ணு கூட சிக்கல. உடனே "அப்ப புரோட்டானைவிட லேசான துகளா இருக்கும்"னு கிளம்பிட்டாங்க. கிடைக்காத இடத்தை விட்டு அடுத்த இடத்துக்குத் தாவிட்டே இருந்தா, இந்தக் கொள்கையைத் தப்புன்னு காட்ட வழியே இல்லையே?

நிலாமகள்:
"உடனே" இல்லைங்க. இயற்பியலாளர்கள் போம், ஃபாயே ரெண்டு பேரும் 2004லயே லேசான கரும்பொருள் பற்றி எழுதிட்டாங்க. நினைச்சபடி எடையைக் குறைக்கவும் முடியாது. துகள்களுக்குள்ள வீக் விசை (கதிரியக்கச் சிதைவுல வேலை செய்யற விசை) மட்டும்தான்னா, எடை சுமார் 2 ஜிகா எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் (புரோட்டானைப் போல சுமார் ரெண்டு மடங்கு) கீழ போனா துகள்கள் ஒன்றையொன்று அழிப்பது குறைஞ்சு, பிரபஞ்சத்துல மிஞ்சற கரும்பொருள் அளவுக்கு மீறிப் பெருகும். லீ, வெயின்பர்க் 1977ல போட்ட கணக்கு இது. அதனாலதான் கரும்பொருளுக்கும் சாதாரணப் பொருளுக்கும் நடுவுல விசையைக் கடத்தற, இருண்ட ஃபோட்டான் மாதிரி ஒரு தூதுத் துகள் தேவைப்படுது.

கதிரொளி:
ஒரு புதுத் துகளைக் காப்பாத்த இன்னொரு புதுத் துகள். இதைத்தான் சொல்றேன்.

நிலாமகள்:
அதுக்கும் கடிவாளம் இருக்கே! பிரபஞ்சத்தோட ஆரம்ப காலத்துல கிளம்பின பின்னணிக் கதிர்வீச்சு இன்னிக்கும் வந்துட்டிருக்கு; அது கிளம்பினப்பவும் அழிவு அதே வேகத்துல நடந்திருந்தா அதுல தடயம் தெரியணும். அதை அளந்த பிளாங்க் விண்கலத் தரவு அந்த வகை லேசான மாடல்களை ஏற்கெனவே ஒதுக்கிடுச்சு.

சிலிக்கான் சிவா:
மாடலை விடுங்க, கண்டுபிடிக்கறதுதான் கஷ்டம். 100 மெகா எலக்ட்ரான்வோல்ட் துகள், ஒளிவேகத்துல ஆயிரத்தில் ஒரு பங்கு வேகம்: இயக்க ஆற்றல் 50 எலக்ட்ரான்வோல்ட். செனான் கருவுல மோதினா பாறையில பட்ட பட்டாணிதான், 0.2 எலக்ட்ரான்வோல்ட் கூடக் கைமாறாது. எலக்ட்ரான்ல மோதினா கதை வேற. சிலிக்கான்ல ஒரு எலக்ட்ரானைக் கிளப்ப 1.1 எலக்ட்ரான்வோல்ட் போதும். ஸ்கிப்பர் சிசிடிங்கற சிலிக்கான் உணரியில ஒரே பிக்சலின் மின்னூட்டத்தை ஆயிரக்கணக்கான தடவை அளந்து சராசரி எடுப்பாங்க. இரைச்சல் பத்தில் ஒரு எலக்ட்ரானுக்கும் கீழ இறங்கிடும். ஒண்ணா ரெண்டான்னு எண்ணிடலாம்.

கதிரொளி:
எண்ணலாம், எங்கிருந்து வந்ததுன்னு சொல்ல முடியுமா? கசிவு மின்னோட்டம், அகச்சிவப்பு ஒளி எல்லாமே ஒற்றை எலக்ட்ரானைக் கிளப்புமே. படிகத்தை வச்சுத் தேடற க்ரெஸ்ட் சோதனை உட்பட பல கருவிகள்ல ஆற்றல் குறையக் குறைய நிகழ்வு எகிறுது. படிகத்தைப் பிடிச்சிருக்கற இடத்துல இறுக்கம் தளர்றதும் ஒரு காரணம்ங்கறாங்க. முழு விளக்கம் இன்னும் வரல.

நிலாமகள்:
அதனாலதான் துகள் முடுக்கியும் வேணும். செர்ன் ஆய்வகத்துல என்ஏ64ங்கற சோதனை, 100 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரானை இலக்குல நிறுத்தி எவ்வளவு ஆற்றல் காணாமப் போகுதுன்னு பாக்குது. விளக்க முடியாத இழப்பு எதுவும் தெரியல, இருண்ட ஃபோட்டான் மாடல்கள்ல ஒரு பகுதி அடிபட்டுப் போச்சு. தப்புன்னு காட்டற வழி இதுதானே?

கதிரொளி:
அந்த அளவுக்கு ஒத்துக்கறேன். ஆனா நாளைக்கு இழப்பு தெரிஞ்சாலும், பால்வெளியைச் சூழ்ந்திருக்கறது அதே துகள்தான்னு ஆகாது.

சிலிக்கான் சிவா:
ஆகாதுதான். முடுக்கி சொல்ற எடையும் பிணைப்பு வலிமையும் நிலத்தடிக் கருவியிலயும் ஒத்து வரணும். ஒற்றை எலக்ட்ரான் எண்ணிக்கையை மட்டும் காட்டி யார் கண்டுபிடிப்புன்னு அறிவிச்சாலும் நான் நம்ப மாட்டேன்.