வாடகை வீட்டுக்குப் போகக்குள்ள போட்டோ எடுத்து வைச்சாக்கள், உங்கட அனுபவத்தைச் சொல்லுங்க

நாங்க திருகோணமலை உப்புவெளியில கடலுக்குக் கிட்ட ஒரு வீட்டுல இருந்தனாங்க. வெளிக்கிடக்குள்ள வீட்டுக்கார ஐயா ஜன்னல் கம்பியெல்லாம் கறள், பின்னறைச் சுவர் ஊறிப் பெயின்ட் கழண்டிருக்கு, அட்வான்ஸில கழிப்பன் எண்டு நிண்டார். கடல் காத்துக்கு கம்பி கறள் பிடிக்காம என்ன செய்யும்? நான் சாமான் இறக்க முதலே வெறும் வீட்டை வீடியோ எடுத்தனான், ஜன்னல் கம்பி, குசினி சிங்குக்குக் கீழ, கதவு நிலையில கறையான் போன தடம், ஒவ்வொரு பிளக்கிலயும் சார்ஜரைக் குத்திப் பார்த்தது, எல்லாத்தையும் அண்டைக்கே அவருக்கு அனுப்பி "பார்த்துட்டன் தம்பி" எண்டு பதிலும் வாங்கி வைச்சனான். அதைக் காட்டினன், காசு முழுசாத் தந்தார்.

ஒண்டு கட்டாயம் சொல்லோணும். ஆனி ஆடியில கச்சான் காத்துக்குள்ள வீடு பார்த்தா எல்லாம் காய்ஞ்சு வடிவா இருக்கும், கூரை ஒழுகுறது கார்த்திகை மழைக்குத்தான் தெரியும். அதால முதல் பெருமழைக்கு திரும்ப ஒருக்கா எடுத்து அனுப்புங்க, இல்லாட்டி அந்தக் கறையும் உங்கட தலையிலதான். வட்ஸ்அப்பில சும்மா அனுப்பினா படம் மங்கிரும், எடுத்த திகதி விபரமும் அதுக்குள்ள நிக்காது, டொக்கியுமென்ட்டா அனுப்புங்க.

——

நான் வீட்டுக்காரப் பக்கம். உவர்மலையில அம்மாட வீட்டை வாடகைக்குக் குடுத்துட்டு கொழும்பில இருக்கிறன், எனக்கும் இந்தப் படங்கள்தான் பலம். ஒரு மாசத்துக்கு மேல குத்தகை எண்டா நொத்தாரிசு முன்னால ரெண்டு சாட்சியோட எழுதினாத்தான் செல்லும், 1840ஆம் ஆண்டு மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் அப்பிடித்தான் சொல்லுது. எப்பிடியும் நொத்தாரிசிட்ட போறதுதானே, ஃபேன் எத்தினை, சாவி எத்தினை, கிணத்து மோட்டர் ஓடுதா, டேங்க் வெடிச்சிருக்கா எண்டு ஒரு தாளில எழுதி அக்ரிமென்ட்டோட சேர்த்து ரெண்டு பேரும் கையெழுத்து வைக்கிறது. வாற சனத்துக்கும் நிம்மதி, நல்ல ஆக்கள் இதுக்குக் கோவிக்கிறதே இல்ல.

——

மீட்டரை மறந்துராதீங்க! பாலையூற்றுல எங்களுக்கு வந்த முதல் கரண்ட் பில்லிலயே முந்தி இருந்தாக்கள்ட யூனிட்டும் சேர்ந்து வந்துட்டு. சாவி வாங்கின அண்டு மீட்டரை நம்பர் தெளிவா விளங்க எடுத்த படம் போனில கிடந்தபடியா வீட்டுக்கார அக்கா கணக்குப் பார்த்து அவங்கட பங்கைத் தானே கட்டினா. தண்ணி மீட்டருக்கும் அப்பிடியே ஒண்டு எடுங்க.