கடைசி செமஸ்டர் முடியப்போகுது, காலேஜ விட்டு வெளிய வர்றதுக்குள்ள என்னென்ன பண்ணிக்கோணும்ங்?

காங்கயத்தான்:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. பெருந்துறை பக்கம் ஒரு காலேஜ்ல ட்ரிப்பிள் ஈ (எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங்) கடைசி வருசம். இன்னும் ரெண்டு பரிச்சைதான் பாக்கி, அது முடிஞ்ச மூணாம் நாளு ஹாஸ்டல காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அப்பா தேங்காக் களத்துல பருப்பு காயவெக்கற வேலை, என்ர படிப்புக்கு பேங்க்ல 4 லட்சம் லோன் இருக்குது. கோயமுத்தூர்ல ஒரு கம்பெனில ஆஃபர் வந்திருக்குது, வருசம் 3.6 லட்சம், ஆனா ரெண்டு வருசம் வேலைய விட்டு நிக்கமாட்டேன்னு பாண்டு எழுதிக் குடுக்கோணும், ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாத்தையும் சேர்ற அன்னைக்கே குடுத்தர்ணும்ங்கறாங்க. எங்க மாமா என்னடான்னா திருப்பூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனில ஆர்டர் வேலையப் பாத்துக்கற மெர்ச்சண்டைசரா சேந்துக்கோ, 18,000 தருவாங்க, ஊட்டுலருந்தே பஸ்ஸுல போய்ட்டு வந்தர்லாம்ங்கறாரு. நாலாவது செம் அரியர் ஒண்ணு வேற நிக்குது. கூட இருக்கறவனுக எல்லாம் ஊட்டி டூர் போறதப் பத்தியே பேசிட்டிருக்கானுக, எனக்கு ராத்திரில தூக்கமே வர்றதில்லீங்க. அனுபவம் இருக்கறவங்க கொஞ்சம் ரோசனை சொல்லுங்.

பழைய கிளார்க்கு:
தம்பி, நான் காலேஜ் ஆபீஸ் ஜன்னலுக்கு இந்தப்பக்கம் 26 வருசம் உக்காந்தவன், அதனால எனக்குத் தெரிஞ்ச காகித சமாச்சாரத்த மட்டும் சொல்றேன். மொதல்ல நோ டியூஸ், அதான் பாக்கி ஒண்ணுமில்லைங்கற சீட்டு. லைப்ரரி, லேப், ஹாஸ்டல், மெஸ், எல்லா எடத்துலயும் கையெழுத்து வாங்குனாத்தான் டிசி கெடைக்கும். பசங்க பரிச்சை முடிஞ்ச சந்தோசத்துல அப்பறம் பாத்துக்கலாம்னு போயிருவாங்க, லீவு உட்டா லேப் அசிஸ்டெண்ட் அவரு ஊருக்குப் போயிருவாரு, ஆகஸ்ட்ல வேலைக்குச் சேரப்போற நேரத்துல வந்து அழுவாங்க. ஒரு பையன் 60 ரூவா லைப்ரரி ஃபைனுக்காக ஓசூர்லருந்து மூணு தடவ வந்து போனான், முதல் தடவ லைப்ரரியன் லீவு, ரெண்டாந்தடவ ஆபீஸ் லீவு. பஸ் செலவே ஆயிரத்தத் தாண்டியிருக்கும்.

டிசி வாங்குனதும் ஜன்னல விட்டு நகர்றதுக்கு முன்னாடியே எழுத்து எழுத்தா படிச்சுப் பாரு. பேரு, இனிஷியல், பொறந்த தேதி, இந்த மூணும் பத்தாவது மார்க்ஷீட்ல இருக்கறபடியே இருக்கோணும். தப்பிருந்தா அன்னைக்கே திருத்திக் குடுத்துருவாங்க, ஆறு மாசம் கழிச்சு வந்தா லெட்டர் எழுது, பிரின்சிபால பாருன்னு இழுக்கும். கான்டக்ட் சர்டிபிகேட்டையும் கையோட வாங்கிக்க. டிகிரி சர்டிபிகேட் பட்டமளிப்பு விழாவுக்கு அப்பறந்தான் வரும், அது வரைக்கும் புரொவிஷனல்ங்கற தற்காலிக சர்டிபிகேட்தான் உனக்கு எல்லாம்.

இன்னொண்ணு, இத ஒருத்தரும் சொல்லமாட்டாங்க. நீ பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியமா? அப்படின்னா படிச்ச பள்ளிக்கூடத்துல போய் ஹெட்மாஸ்டர்கிட்ட தமிழ்வழியில படிச்சதுக்கு சர்டிபிகேட் வாங்கி வெச்சுக்க. டிஎன்பிஎஸ்சில அதுக்கு 20 சதவீதம் இடம் இருக்குது. குரூப் 4க்கு தகுதி பத்தாவதுதாங்கறதால ஒண்ணாவதுலருந்து பத்தாவது வரைக்கும் தமிழ்ல படிச்சிருந்தா போதும், காலேஜ்ல இங்கிலீஷ்ல படிச்சது குறுக்க வராது. குரூப் 2 மாதிரி டிகிரி கேக்கறதுக்கு மட்டும் டிகிரியும் தமிழ்லயே இருக்கோணும். ரெண்டு பள்ளிக்கூடம் மாறியிருந்தா ரெண்டு எடத்துலயும் வாங்கோணும். வேலைவாய்ப்பு ஆபீஸ் பதிவையும் டிகிரி போட்டு ஆன்லைன்ல புதுப்பிச்சுரு, மூணு வருசத்துக்கு ஒருக்கா மறக்காம ரினீவல் பண்ணோணும்.

பனியன் கம்பெனி ஹெச்ஆர்:
கிளார்க் அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. நான் திருப்பூர்ல பதினோரு வருசமா ஆளெடுக்கற வேலைலதான் இருக்கறேன், அதனால நேரா விசயத்துக்கு வர்றேன். ஒரிஜினல் குடுக்காதீங்க தம்பி. காட்டுங்க, அவங்க பாத்து டிக் அடிச்சுக்கட்டும், ஜெராக்ஸ்ல நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுங்க, அதுக்கு மேல எந்தக் கம்பெனிக்கும் தேவையில்ல. நான் மொத மொதல்ல சேந்த எடத்துல குடுத்துட்டு முழிச்சவன். எட்டு மாசத்துல வேற வேலை கெடச்சுது, சர்டிபிகேட் கேட்டா எம்டி வெளியூர்ல இருக்கறாரு, பீரோ சாவி அவருகிட்டதான்ங்கறாங்க. எங்கப்பா வெள்ளச் சட்டையப் போட்டுட்டு வந்து ரிசப்ஷன்ல காலைலருந்து சாயந்தரம் வரைக்கும் உக்காந்திருந்தாரு, பேசவேயில்ல, சும்மா உக்காந்திருந்தாரு. ஆறு மணிக்கு சாவி கெடச்சுது.

பாண்டுல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி முழுசா படிங்க, ஒரு காப்பி வாங்கிக்கங்க. நடுவுல நின்னா 2 லட்சம் கட்டோணும்னு எழுதியிருந்தா அந்த 2 லட்சமும் கண்டிப்பா கட்டியாகணும்னு அர்த்தமில்ல, ஒப்பந்தச் சட்டம் 1872ல 74ஆவது பிரிவுப்படி அந்தத் தொகை உச்சவரம்புதான், அதுக்குள்ள எது நியாயமோ அதத்தான் கோர்ட் குடுக்கும். ஆனா அதுக்காக கோர்ட்டு வரைக்கும் நடக்கறது யாரு, அதனால கையெழுத்துக்கு முன்னாடியே பேசறதுதான் புத்தி. வெத்து செக் கேட்டா எந்திரிச்சு வந்துருங்க.

அப்பறம் சம்பளம். 3.6 லட்சத்த 12ல வகுத்தா 30,000, அதுதான் கைக்கு வரும்னு நெனச்சு ஊட்டுல சொல்லிப்போடாதீங்க. பேசிக், அதான் அடிப்படைச் சம்பளம், 15,000ன்னு வெச்சுக்கங்க, உங்க பங்கு பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம் 1,800. கம்பெனி போடற 1,800ம் அந்த 30,000க்குள்ளயேதான் இருக்கும், கிராஜுவிட்டின்னு (பணிக்கொடை) 700 சொச்சமும் அதுலயேதான். கடசில 25,500 பக்கம் வந்து நிக்கும், அதுலயும் அரை வருசத்துக்கு ஒருக்கா தொழில் வரி புடிப்பாங்க. மாமா சொல்ற 18,000 கம்மியாட்ட தெரியும், ஆனா ரூம் வாடகை, மெஸ் இல்ல, 21,000க்குள்ள சம்பளங்கறதால இஎஸ்ஐ மருத்துவக் காப்பீடும் வரும், உங்ககிட்ட புடிக்கறது 0.75 சதவீதந்தான், மாசம் 135 ரூவா. ரெண்டு எடத்துலயும் ஒரே கேள்வி கேளுங்க, பிஎஃப் போடறீங்களான்னு. திருப்பூர்ல போடாத எடமும் இருக்குது, என்ர வாயாலயே சொல்றேன்.

பிஎஃப் கணக்குக்கு குடுக்கற யூஏஎன் நம்பர் ஒருக்கா வந்தா சாகற வரைக்கும் அதேதான். அடுத்த கம்பெனில சேரும்போது முன்ன வேலை பாத்ததில்லைன்னு சொல்லிப்போடாதீங்க, இன்னொரு நம்பர் விழுந்துட்டா அப்பறம் ரெண்டையும் சேக்கறதுக்குள்ள தாவு தீந்துரும்.

சரவணம்பட்டி அக்கா:
லோன பத்தி ஒருத்தரும் பேசலியே. தம்பி, படிப்பு முடிஞ்சு ஒரு வருசம் கட்ட வேண்டாம்னு பேங்க்ல சொல்லியிருப்பாங்க, ஆனா வட்டி இப்பவும் ஓடிட்டுதான் இருக்குது. 10 சதவீதம்னு வெச்சா 4 லட்சத்துக்கு வருசம் 40,000. அந்த வட்டிய அப்பறம் அசல்ல சேத்துதான் தவணை போடுவாங்க. நான் ஒண்ணும் தெரியாம ஜாலியா இருந்துபோட்டு, மொத ஸ்டேட்மெண்ட் பாத்த அன்னைக்கு ஆபீஸ் பாத்ரூம்ல நின்னு அழுதேன். மொத சம்பளத்துலருந்தே வட்டிய மட்டுமாவது, மாசம் 3,300, கட்டிட்டு வாங்க. ஊட்டு வருமானம் வருசம் 4.5 லட்சத்துக்குள்ளன்னா மத்திய அரசு வட்டி மானியம் இருக்குது, உங்க கணக்குல அது ஏறியிருக்கான்னு பேங்க்ல நேர்ல போய்க் கேளுங்க, போன்ல கேட்டா பாக்கறேன்னு சொல்லி வெச்சுருவாங்க.

அப்பறம் இனிஷியல்! நம்மூர்ல மார்க்ஷீட்ல இனிஷியல் மட்டும் இருக்கும், பான் கார்டுல அப்பா பேரு முழுசா நீட்டி இருக்கும், ஆதார்ல வேற மாதிரி. எனக்கு இந்த ஒத்த எழுத்தால பிஎஃப் மாத்தறது ஏழு மாசம் நின்னுச்சு. வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே ஆதாரையும் பானையும் ஒண்ணா மாத்திக்கங்க, ஆதார்ல பேர ரெண்டு தடவதான் மாத்த முடியும், சூதானமா எழுதிக் குடுங்க.

கோயமுத்தூர் வந்தா ஹாஸ்டல் சோத்த நம்பாதீங்க. அரிசிம்பருப்பு சோறு வெக்க அம்மாகிட்ட கத்துக்கங்க, ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், வரமொளகா, மூணரை டம்ளர் தண்ணி, குக்கர்ல மூணு விசில். மாசக் கடசில இதுதான் காப்பாத்தும்.

காங்கயத்தான்:
ரொம்ப நன்றிங்ணா, நன்றிங்க்கா. இன்னைக்கு அந்தக் கம்பெனிக்கு போன் பண்ணி ஒரிஜினல் காட்டறேன், ஆனா குடுக்கமுடியாதுங்க, ஜெராக்ஸ் தர்றேன்னு சொன்னேன், மேல கேட்டுட்டு கூப்படறோம்னு வெச்சுட்டாங்க. கை நடுங்கிப்போச்சு. அரியர அவங்ககிட்ட சொல்லோணுமா, வேண்டாமாங்ணா?

பனியன் கம்பெனி ஹெச்ஆர்:
சொல்லிருங்க. மறச்சு சேந்து பேக்கிரவுண்ட் வெரிபிகேசன்ல மாட்டுனா அன்னைக்கே பைய எடுத்துட்டு வரோணும். நவம்பர்-டிசம்பர் பரிச்சைல முடிச்சர்றேன்னு எழுதிக் குடுத்தா நெறைய எடத்துல டைம் தருவாங்க. ஃபீஸ் கட்டச் சொன்னதும் கட்டிருங்க, அந்த பேப்பர இப்பருந்தே உக்காந்து படிங்க, வேலைக்குப் போய்ட்டு ராத்திரில படிக்கறதெல்லாம் பேச்சுக்குத்தான்.

காங்கயத்தான்:
சரிங்ணா. நோ டியூஸ்ல மூணு கையெழுத்து வாங்கிட்டேன், மெஸ்ஸு மட்டும் பாக்கி. அப்பாகிட்ட சர்டிபிகேட்டெல்லாம் பத்தரமா வெக்கோணும்னு சொன்னேன், நாளைக்கு எல்லா மார்க்ஷீட்டையும் கொண்டுபோய் லேமினேசன் பண்ணிரலாம்னு சந்தோசமா இருக்கறாரு.

பழைய கிளார்க்கு:
ஐயோ, வேண்டாம்னு சொல்லு! இப்பவே போன் பண்ணு. வெளிநாடு போறதுக்கு அட்டெஸ்டேசன் (அரசு அத்தாட்சி) பண்ணோணும்னா சர்டிபிகேட் பின்னாடி சீல் குத்துவாங்க, பிளாஸ்டிக் மேல எங்க குத்தறது. 100 ரூவாய்க்கு கவர் வெச்ச ஃபைல் ஒண்ணு வாங்கிக் குடு.